தீர்ந்ததா, குளிர்ந்ததா: ஏர் ரைஃபிளில் வாயுக் குப்பி மாற்றும் நேரம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பத்து மீட்டர் தூரத்தில் காகித இலக்கில் சுட்டுப் பழகிவரும் இளைஞர் ஒருவர், தம் ஏர் ரைஃபிள் மூன்று வாரங்களாக ஒரு நிலையில் நிற்பதில்லை என்ற புகாருடன் என்னிடம் வந்தார். 4.5 மி.மீ. பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை)ச் சுடும், 12 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு குப்பி ஒன்றால் இயங்கும் எளிய வகை ரைஃபிள் அது. "அண்ணா, காலையில சைட் சரி பண்ணா, ஒரு மணி நேரத்துல அது பொய்யாயிடுது. உள்ள சீல் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். வாயு கசியாமல் அடைக்கும் வளையத்தைத்தான் சீல் என்றார். அவர் கொண்டுவந்த பையில் கழற்றிப்போட்ட குப்பிகள் எட்டும், இலக்குத் தாள்கள் ஒரு கட்டும் இருந்தன. தாள்கள் ஒவ்வொன்றிலும் தேதியும், எத்தனையாவது ஷாட்டிலிருந்து எத்தனையாவது ஷாட் வரை என்ற குறிப்பும் எழுதப்பட்டிருந்தன. அந்த ஒழுங்கு இல்லாதிருந்தால் இந்த ஆய்வைத் தொடங்கியிருக்கவே முடியாது.

தாள்களைத் தரையில் வரிசையாக விரித்தபோது இரண்டு வகையான நாட்கள் தென்பட்டன. நிதானமாக, ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூச்சை அடக்கி நேரம் எடுத்துச் சுட்ட நாட்களில், பத்து ஷாட்டுக்கு ஒன்றான தாள்களில் முதல் நான்கு நெருக்கமாக இருந்தன. ஐந்தாம் தாளில் துளைகள் மேலிருந்து கீழாக ஒரு கோடு போல நீண்டன. ஆறாம் தாளில் அந்தக் கோடு கறுப்பு வட்டத்தின் அடிப்பாகத்துக்கே இறங்கிவிட்டது. அவர் அதைத் தம் பிடிமானத்தின் குறையாகவோ சைட்டின் (குறிபார்க்கும் அமைப்பின்) குறையாகவோ எண்ணி, பின்சைட்டைப் பல கிளிக்குகள் ஏற்றியிருக்கிறார். அடுத்து புதுக் குப்பி போட்டதும் எல்லாத் துளைகளும் மேலே ஏறின. மீண்டும் கிளிக்குகளை இறக்கினார். விரைவாகச் சுட்டுப் பழகிய நாட்களில் கதை வேறு. பதினைந்து, இருபது ஷாட்டுகளுக்குள்ளேயே துளைகள் கீழிறங்கின; வாயு தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி அவர் குப்பியை உடனே மாற்றியிருந்தார். அதாவது, தீர்ந்துபோன குப்பியோடு அவர் சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்; தீராத குப்பியைக் கழற்றி எறிந்திருக்கிறார். இரண்டு தவறுகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை, ஆனால் இரண்டுக்கும் காரணமான அறிகுறி ஒன்றேதான்.

எட்டுக் குப்பிகளையும் எடைபோட்டுப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். அதில் பயனில்லை, ஒருமுறை துளைத்த குப்பியைக் கழற்றிய கணத்திலேயே மிச்சம் இருந்த வாயு முழுவதும் வெளியேறிவிடுவதால், பாதி இருந்த குப்பியும் வெறுங்குப்பியும் தராசில் ஒன்றாகவே நிற்கும். ஆனால் கழற்றும்போது என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை பயன்பட்டது. சில குப்பிகள் ஒரு மெல்லிய சீறலோடு அடங்கிவிட்டனவாம். வேறு சில நீண்ட நேரம் சீறி, திருகு மூடியைச் சுற்றி உப்புத்தூள் போல வெள்ளையாகப் படிந்தனவாம். அந்த வெள்ளைத் தூள் உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு. குப்பிக்குள் திரவம் மிஞ்சியிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மைனஸ் 78 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கும் அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்ததாகவும் அவர் சொன்னார். அதை இனி ஒருபோதும் செய்யக்கூடாது என்று அங்கேயே கண்டித்தேன்.

அவரை என்னிடம் வரவைத்த நிகழ்வு இதைவிடக் கடுமையானது. ஒரு மாலை, எண்ணிக்கையை விட்டுவிட்டு அவர் சுட்டுக்கொண்டிருந்தபோது, விசையை இழுத்ததும் ‘புஸ்’ என்ற ஒலி மட்டும் வந்தது. தாளில் துளை இல்லை. குறி தப்பிவிட்டதாக எண்ணி அடுத்த பெல்லட்டைப் போட்டுச் சுட்டார். அதுவும் தாளைத் தொடவில்லை. இரண்டு பெல்லட்டுகளும் குழலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கி நின்றன. அந்த நிலையில் புதுக் குப்பியைப் போட்டு மூன்றாவதைச் சுட்டிருந்தால், சிக்கிய ஈயம் எந்தத் திசையில் எந்த வேகத்தில் கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்லவேளையாக அவர் அங்கே நிறுத்தினார். வாயுவை முழுவதும் வெளியேற்றி, குப்பியைக் கழற்றி, குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்து, சுத்தம்செய்யும் கோலால் இரண்டையும் மெல்லத் தள்ளி எடுத்தோம். தாளில் துளை விழாத ஒரு ஷாட்டுக்குப் பிறகு அடுத்த பெல்லட்டை ஏற்றக்கூடாது. குழல் காலியாக இருக்கிறது என்று உறுதிப்படும்வரை அந்த ரைஃபிள் நிரம்பிய துப்பாக்கிதான்.

குப்பிக்குள் நடப்பது

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள, குப்பிக்குள் இருப்பது வெறும் காற்று அல்ல என்பதை மனத்தில் இருத்த வேண்டும். அழுத்திய காற்றில் இயங்கும் பந்தய ரைஃபிளின் உருளை 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் நிரம்பி, ஒவ்வொரு ஷாட்டிலும் சிறிது சிறிதாக இறங்கும்; அதிலுள்ள அழுத்தமானியைப் பார்த்தாலே மிச்சம் எவ்வளவு என்று தெரியும். கார்பன் டை ஆக்ஸைடு அப்படிப்பட்டதல்ல. குப்பியின் அடியில் திரவமாகவும் மேலே ஆவியாகவும் அது இருக்கிறது. ஒரு ஷாட்டில் ஆவி வெளியேறினால் திரவத்தில் ஒரு பகுதி கொதித்து அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆகவே திரவம் ஒரு துளி இருக்கும்வரை அழுத்தம் அளவைப் பொறுத்ததன்று, வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது: 0 பாகையில் சுமார் 35 பார், 10 பாகையில் 45 பார், 20 பாகையில் 57 பார், 30 பாகையில் 72 பார். கார்பன் டை ஆக்ஸைடு ரைஃபிளில் அழுத்தமானி பொருத்தினால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. பொருத்தினால் அது நிரம்பிய குப்பிக்கும் முக்கால்வாசி தீர்ந்த குப்பிக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சமையல் எரிவாயு உருளையில் அடுப்பு கடைசிவரை ஒரே சீராக எரிந்து, பிறகு திடீரென்று தணிவதும் இதே காரணத்தால்தான்.

திரவம் தீர்ந்த கணத்தில் குப்பி வெறுமையாகிவிடுவதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். 20 பாகையில், திரவத்தோடு சமநிலையில் உள்ள ஆவியின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 194 கிராம். 12 கிராம் குப்பியின் உட்கொள்ளளவு சுமார் 16 மில்லிலிட்டர் என்று கொண்டால், கடைசித் துளித் திரவம் ஆவியாகும்போது உள்ளே 3 கிராம் ஆவி மிஞ்சியிருக்கும். அதாவது போட்டதில் கால் பங்கு. அந்தக் கால் பங்கைக் கொண்டு இன்னும் பல ஷாட்டுகள் சுடலாம், ஆனால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெலிந்திருக்கும். நிதானமான நாட்களில் ஐந்தாம் தாளில் நீண்ட கோடு இதுதான்.

விரைவான நாட்களில் நடந்தது வேறு. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். 20 பாகையில் ஒரு கிராமுக்கு சுமார் 150 ஜூல். அந்த வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும் குப்பியின் இரும்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நிதானமாகச் சுடும்போது சுற்றுப்புறம் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். நான்கு நொடிக்கு ஒன்று என்று சுட்டால் ஈடுகட்ட நேரமில்லை. குப்பி குளிர்கிறது, அழுத்தம் இறங்குகிறது, பெல்லட் தாழ்கிறது. உள்ளே வேண்டிய அளவு திரவம் இருந்தும் ரைஃபிள் தீர்ந்ததுபோல நடந்துகொள்கிறது.

அளந்து பார்த்தது

ஊகத்தோடு நிறுத்தாமல், பெல்லட்டின் வேகத்தை அளக்கும் ஒரு குரோனோகிராஃப், அறையில் தொங்கவிட்ட வெப்பமானி, ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு ஆகிய மூன்றையும் வைத்து மூன்று நாட்கள் அளந்தோம். குப்பியைக் கழற்றாமல் மிச்சத்தை அறிய ஒரே வழி ரைஃபிளை அப்படியே தராசில் வைப்பதுதான் என்பதால், பெல்லட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொரு இருபது ஷாட்டுக்கும் ஒருமுறை முழு ரைஃபிளையும் எடைபோட்டோம்.

முதல் நாள் அறையின் வெப்பம் 21 பாகை. அரை நிமிடத்துக்கு ஒரு ஷாட். பெல்லட்டின் எடை 0.51 கிராம். குப்பியைத் துளைத்தபின் வந்த முதல் இரண்டு ஷாட்டுகள் மற்றவற்றோடு சேராமல் தனித்து நின்றதால் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அதன்பின் 44-ஆவது வரை வேகம் நொடிக்கு 172 முதல் 176 மீட்டருக்குள் நின்றது. இருபது ஷாட்டுக்கு 4 கிராம் வீதம் எடை குறைந்தது, அதாவது ஷாட் ஒன்றுக்கு 0.2 கிராம். 48-இல் வேகம் 168 ஆனது, 50-இல் 163, 55-இல் 147, 60-இல் 127. அங்கே நிறுத்திவிட்டோம். 45 ஷாட்டுகளில் 9 கிராம் செலவாகி 3 கிராம் மிஞ்சியிருந்த இடத்தில்தான் சரிவு தொடங்கியது என்பது கணக்கோடு ஒத்துப்போனது.

இந்த எண்களைத் தாளில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் கனம் தெரியும். நொடிக்கு 174 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் பத்து மீட்டரில் சுமார் 16 மி.மீ. தாழ்கிறது, சைட் அந்தத் தாழ்வுக்கு ஏற்பவே அமைக்கப்பட்டிருக்கும். வேகம் 163 ஆகும்போது கூடுதலாக 2 மி.மீ.க்குச் சற்று மேல், 147 ஆகும்போது 6 மி.மீ.க்கு மேல், 127 ஆகும்போது 14 மி.மீ. தாழ்கிறது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. ஆகவே 50-ஆவது ஷாட்டில் ஏறத்தாழ ஒரு புள்ளியும், 60-ஆவது ஷாட்டில் ஐந்துக்கு மேற்பட்ட புள்ளிகளும், சுடுபவரின் தவறே இல்லாமல் போய்விடுகின்றன.

ஒலி மாறியதாகத் தோன்றும் கணத்தில் கையை உயர்த்தும்படி இளைஞரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வேகத்தைக் காட்டும் திரையை அவர் பார்க்காதபடி திருப்பி வைத்திருந்தேன். அவர் கையை உயர்த்தியது 54-ஆவது ஷாட்டில். சரிவு தொடங்கி ஒன்பது ஷாட்டுகள் கடந்தபின்பே காதுக்கு அது எட்டியது, அதற்குள் குறி சுமார் 5 மி.மீ. தாழ்ந்திருந்தது. ‘பட்’ என்ற ஒலி ‘புஸ்’ என்று மாறினால் மாற்று என்று பழையவர்கள் சொல்வது தகர டப்பாவைச் சுடுபவருக்குப் போதும். புள்ளிக்காகச் சுடுபவருக்குப் போதாது. செவிக்காப்பு அணிந்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

இரண்டாம் நாள் புதுக் குப்பியோடு, அதே வெப்பத்தில், நான்கு நொடிக்கு ஒன்றாக இருபது ஷாட்டுகள் சுடச் சொன்னேன். 174-இல் தொடங்கிய வேகம் இருபதாவதில் 162-க்கு இறங்கியது. குப்பி இருக்கும் பகுதியைத் தொட்டால் சில்லென்றிருந்தது. உலோகத்தின் மேல் மூச்சுபட்ட கண்ணாடி போல மெல்லிய ஈரம் படிந்திருந்தது. அந்த 162 என்ற எண்ணைத்தான் நான் இளைஞருக்குச் சுட்டிக்காட்டினேன். முதல் நாளின் 50-ஆவது ஷாட்டும் இதே இடத்தில்தான் நின்றது. தாளில் விழும் துளையை மட்டும் பார்ப்பவருக்கு, 8 கிராம் வாயு உள்ள குளிர்ந்த குப்பிக்கும் 2 கிராம் மட்டும் உள்ள தீர்ந்த குப்பிக்கும் வேறுபாடே தெரியாது. பிறகு ரைஃபிளை மேசையில் கிடத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். அடுத்த ஷாட் 173.

இந்தப் பத்து நிமிடம்தான் இந்த ஆய்வில் கிடைத்தவற்றுள் மிகவும் பயனுள்ளது என்பது என் கருத்து. குளிர்ந்த குப்பி ஓய்வுக்குப்பின் மீளும். தீர்ந்த குப்பி எத்தனை நேரம் காத்திருந்தாலும் மீளாது. கருவி எதுவும் இல்லாதவரும் இரண்டையும் இதனால் பிரித்தறியலாம். அவசரப்பட்டுக் குப்பியை வெந்நீரிலோ வெயிலிலோ சூடாக்குவது மட்டும் கூடாது. பல குப்பிகளின் மேலேயே 49 பாகைக்கு மேல் சூடாகவிடக்கூடாது என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்.

மூன்றாம் நாள் வெயில் ஏறி அறை 28 பாகையாக இருந்தது. வேகம் 182-க்கு உயர்ந்தது. ஒரு பாகைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் கூடியிருக்கிறது. ஆனால் திரவம் முன்னதாகவே தீர்ந்தது. வெப்பத்தில் ஆவியின் அடர்த்தி கூடுவதால் திரவம் தீரும்போது மிஞ்சும் ஆவியும் அதிகம், ஒவ்வொரு ஷாட்டும் விழுங்கும் வாயுவும் அதிகம். 35-ஐ ஒட்டி வேகம் மெல்லச் சரியத் தொடங்கியது. முதல் நாளைப் போல இந்த ஷாட்டில்தான் என்று விரல்வைத்துச் சொல்ல முடியவில்லை. 31 பாகையைத் தாண்டினால் கார்பன் டை ஆக்ஸைடில் திரவம், ஆவி என்ற பிரிவே இருக்காது. சமநிலை என்று ஒன்று இல்லாததால் முதல் ஷாட்டிலிருந்தே அழுத்தம் இறங்கும். வெயிலில் கிடந்த ரைஃபிளில் அழுத்தம் மிகுந்துபோய், உள்ளிருக்கும் சுத்தியல் அடித்தாலும் வாயுவை விடும் வால்வு சரியாகத் திறக்காமல் ஷாட் மெலிவதும் உண்டு. அந்த மெலிவையும் தீர்ந்ததாக எண்ணிவிடக்கூடாது. நிழலில் வைத்து ஆறவிட வேண்டும்.

எடுத்த முடிவுகள்

சீலில் குறையில்லை என்பதை முதலில் உறுதிப்படுத்தினோம். புதுக் குப்பி போட்டு இரவு முழுவதும் வைத்து, காலையில் ரைஃபிளை மீண்டும் எடைபோட்டதில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. கசிவு இருந்தால் இந்த எடை காட்டிக்கொடுத்திருக்கும்; கசிவுள்ள ரைஃபிளில் சரிவு ஒருநாள் 40-இலும் மறுநாள் 25-இலும் வரும், அப்போது எண்ணிக்கையை நம்ப முடியாது. குப்பியின் முனையில் ரைஃபிளுக்கென்று சொல்லப்பட்ட எண்ணெய் ஒரு துளி வைத்துப் போடும் பழக்கம் அவருக்கு இருந்தது நல்லதாயிற்று. சீல் காயாமல் இருப்பதற்கு அதுவே போதும்.

பிறகு, 20 பாகையை ஒட்டிய நாட்களில் 40 ஷாட்டோடு புள்ளிக்கான பயிற்சியை நிறுத்துவது என்று முடிவுசெய்தோம். சரிவு 45-இல் தொடங்குகிறது என்று தெரிந்திருந்தும் 40-ஐத் தேர்ந்ததற்குக் காரணம், அவர் பத்துப் பத்தாகச் சுடுகிறார். ஐந்தாம் பத்தின் நடுவில் குப்பி சரிவதைவிட நான்காம் பத்தின் முடிவில் மாற்றுவது தெளிவானது. வாயு வீணாகிறதே என்று அவர் வருந்தினார். அது நியாயமான வருத்தம்தான். மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருக்கிறது. அதை விசைப் பயிற்சிக்குப் பயன்படுத்தச் சொன்னேன்: வெற்றுத்தாளில், புள்ளி எழுதாமல், சைட்டைத் தொடாமல், 55 வரை. 55-க்கு மேல் இந்த ரைஃபிளில் பெல்லட் ஏற்றக்கூடாது என்பதை மட்டும் தளர்த்த முடியாத விதியாக வைத்தேன். குழலில் பெல்லட் சிக்குவது எப்போது என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, அந்த எல்லைக்கு அருகே போகவே வேண்டியதில்லை. 28 பாகை போன்ற நாட்களுக்குப் புள்ளிக்கான எல்லை 30.

இந்த எண்கள் இந்த ரைஃபிளுக்கு உரியவை. இரண்டு குப்பி போடும் ரைஃபிளுக்கும், 88 கிராம் பெரிய குப்பி போடுவதற்கும், கனமான பெல்லட்டுக்கும் வேறு எண்கள் வரும். ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றே. குரோனோகிராஃப் இல்லாதவர்கூட, தாங்கியில் வைத்து, ஐந்து ஷாட்டுக்கு ஒரு தாள் என்று மாற்றி, நிதானமாக ஒரு குப்பியை முழுவதும் சுட்டால், துளைக்கூட்டம் எந்தத் தாளில் கீழிறங்கத் தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேர உழைப்பு மாதக்கணக்கில் சைட்டைத் திருகுவதைத் தவிர்க்கும்.

குப்பியைக் கழற்றுவதிலும் ஒரு மாற்றம் செய்தோம். அவர் திருகு மூடியை ஒரே மூச்சில் திறந்துவிடுவார். இப்போது குழலின் வாயை ஆளில்லாத பக்கம் வைத்து, பெல்லட் இல்லாமல், ஒலி முற்றும் அடங்கும்வரை விசையை இழுத்து வாயுவைப் போக்கிவிட்டு, அதன்பின் மூடியைக் கால் திருப்புத் திருப்பி, சீறல் இருந்தால் அது நிற்கும்வரை காத்திருக்கிறார். பயிற்சி முடிந்தபின் குப்பியை உள்ளேயே விட்டுவைப்பதையும் நிறுத்திவிட்டார். அழுத்தத்தில் நாள்கணக்காகக் கிடந்தால் சீல் களைத்துவிடும்.

ஆறு வாரம் கழித்து அவர் தம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு வரி: தேதி, அறையின் வெப்பம், தொடங்கும்போது எடை, புள்ளிக்காகச் சுட்டது, மொத்தம் சுட்டது, முடியும்போது எடை. பின்சைட்டைத் திருகியதற்கான குறிப்பு, பெல்லட் வகையை மாற்றிய ஒரே ஒரு நாளில் மட்டுமே இருந்தது. ஒரு வரிக்கு எதிரே "18-ல இறங்குச்சு, தொட்டா சில்லுன்னு இருந்துச்சு, பத்து நிமிஷம் வச்சேன், சரியாயிடுச்சு" என்று எழுதியிருந்தார்.